கடைசி ஒன்ஸ்மோர்

பாடக்கூடாத நிலையில் இருந்த ஒரு மனிதரை நான் பாட வைத்தேன். வேண்டாம் என்று அவருடைய மனைவி அன்று காலையில்தான் என்னிடம் வந்து கேட்டுக்கொண்டிருந்தார். சரி என்று சொல்லியிருந்தேன். பிறகு அந்த மனிதர் படுக்கையில் கிடந்தபடி, என் மனைவி உங்களிடம் வந்தாளா என்று கேட்டபோது, வரவில்லை என்று அவர் எடுத்துக்கொள்ளும்படி பதில் சொன்னேன். அவர் இறந்த பின் அவருடைய சமாதியின் முன்னால் நின்று, அவரைப் பாட வைத்தவன் என்பதற்காகவே மாலை வாங்கிக்கொண்டேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. எல்லாம் நானாகச் செய்தவை.

ஈப்போவில் அந்த இடுகாட்டுக்கு இப்போதும் போகிறேன். டாக்சிக்காரர் வெளியே காத்திருப்பார். போன முறை அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தவரிடம், இது யார் சமாதி தெரியுமா என்று கேட்டேன். "யாரோ பெரிய பாட்டுக்காரராம் லா, அந்தக் காலத்து ஆளு" என்றார். அவ்வளவுதான் மிச்சம். அதனால் அவர் யார் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அவர் ராஜபார்ட். நாடகத்தில் அரசனாகவும் வீரனாகவும் தலைமை வேடம் கட்டுபவரை அப்படித்தான் சொல்வோம். மதுரைப் பக்கம், சிறு வயதிலேயே கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தபோது பாட்டைப் பறித்துவிட்டு, திரைக்குக் கயிறு இழுக்க விட்டார்களாம். "கயிறு இழுத்துக்கிட்டே அத்தனை பேர் பாட்டையும் திருடிட்டேன் தம்பி" என்று என்னிடம் சிரித்திருக்கிறார். குரல் திரும்பி வந்தபோது அது வேறு குரலாக இருந்தது. ஐந்து கட்டை சுருதியில் எடுப்பார். ஒலிபெருக்கி இல்லாத அந்த நாளில், கொட்டகைக்கு வெளியே வேர்க்கடலை விற்பவனுக்கும் சொல் பிசகாமல் கேட்கும். கப்பலில் பினாங்கு வந்து இறங்கி, தைப்பிங், ஈப்போ என்று அவருடைய கம்பெனி வந்தபோது இருபதுகளின் நடுப்பகுதி. ரப்பர் விலை ஏறியிருந்தது. எங்கள் ஜனங்கள் கையில் கொஞ்சம் காசு புழங்கியது.

அவருடைய மனைவிதான் கம்பெனியின் ஸ்திரீபார்ட். ஆண்களே பெண்வேடம் கட்டிவந்த வழக்கம் மாறாதிருந்தபோதே மேடை ஏறியவர். குரல் சிறியது. ஆனால் ஒரு வரியைப் பாடிவிட்டு, அதற்குப் பிறகு சும்மா நிற்பார் பாருங்கள், அந்த நிற்றலுக்கே ஆட்கள் பாரிட் புந்தாரிலிருந்து ரயில் ஏறி வந்தார்கள்.

கணவனும் மனைவியும் ஒரே அடுப்பில் சமைத்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள். எங்களுக்கு அது போதவில்லை. நாங்கள் கட்சி பிரித்தோம். ரயில்வேயிலும் டவுன் ஆபீசுகளிலும் வேலை பார்த்தவர்கள் ஸ்திரீபார்ட் கட்சி. தோட்டத்து ஜனங்கள் ராஜபார்ட் கட்சி. காப்பிக் கடையில் இரண்டு கட்சிக்கும் தனித்தனி மேசை. அவரை மட்டம் தட்டத்தான் அந்த அம்மாள் தன் பாட்டை நீட்டுகிறார் என்று எங்கள் மேசையில் பேசினோம். மனைவி பேர் வாங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை என்று அந்த மேசையில் பேசினார்கள்.

எந்தக் கட்சி பெரிது என்பதை ஒன்ஸ்மோர்தான் தீர்மானித்தது. ஒரு பாட்டுப் பிடித்துவிட்டால் ஜனங்கள் "ஒன்ஸ்மோர்!" என்று கத்துவார்கள். நடிகர் திரும்பப் பாட வேண்டும். காட்சி எதுவானாலும் விதி அதுதான். அவர்களுடைய பேர்போன நாடகத்தின் கடைசிக் காட்சியில் அரசன் அம்பு தைத்துக் கீழே விழுவான். மனைவியின் மடியில் தலை வைத்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுச் சாவான். உடனே ஒன்ஸ்மோர். செத்த அரசன் எழுந்து, வியர்வையைத் துடைத்து, பக்கத்திலிருந்து நீட்டும் சோடாவை இரண்டு மடக்குக் குடித்து, ஆர்மோனியக்காரருக்குத் தலையசைத்துவிட்டு, மறுபடி மடியில் படுத்துப் பாடி, மறுபடி சாவான். கொட்டகை முதலாளி ஒரு சீனத் தவுக்கே. முதல் தடவை பார்த்தபோது என் தோளைப் பிடித்து உலுக்கி, "சூடா மாத்தி, கெனாப்பா பாங்குன்?" என்றார். செத்தாச்சே, ஏன் எழுந்தான் என்று அர்த்தம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நான் அப்போது சிம்பாங் பூலாயைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஈப்போவில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சீனியர் பரீட்சை வரை படித்தவன். தமிழிலும் நாலு பேர் கேட்கும்படி பேசவும் எழுதவும் தெரியும். ராஜபார்ட் கட்சிக்குத் தலைவன் நானே. முன் வரிசையில் உட்காருவேன். என் வெள்ளைத் தொப்பியைத் தூக்கினால் பின்னால் தரையில் இருக்கும் தோட்டத்து ஜனங்கள் அத்தனை பேரும் ஒன்ஸ்மோர் என்று கத்துவார்கள். அதிகாலையில் பிரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி அவர்கள் பெயரைக் கூப்பிடுபவனும் நான்தான். அவர்கள் ரசித்துத்தான் கத்தினார்களா, கிராணி தொப்பியைத் தூக்கிவிட்டாரே என்று கத்தினார்களா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

கம்பெனி இரண்டாவது முறை ஈப்போவுக்கு வந்தபோது ராஜபார்ட் ஐந்து கட்டையிலிருந்து நாலு கட்டைக்கு இறங்கியிருந்தார். இருமலும் இருந்தது. எங்கள் கட்சி அதைப் பேசவில்லை. எதிர்க் கட்சி அதை மட்டுமே பேசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் விடியுமுன் பிரட்டு இருந்ததால் தோட்டத்து ஜனங்களுக்காக மத்தியானமே ஆட்டம் வைத்திருந்தார்கள். காலையில் நான் மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தேன். வாசலில் நின்ற மரத்தடியில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். சாதாரணக் கைத்தறிப் புடவை, முகத்தில் ஒரு பொட்டு பவுடர் கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சாமியார் படியில் நிற்கிறார். எனக்குப் பெண் பார்த்திருந்த வீட்டார் பத்தடி பின்னால் வருகிறார்கள். நாடகக்காரி என்னைத் தேடிக் கோயில் வாசலுக்கு வந்திருக்கிறாள் என்றால் என்ன நினைப்பார்கள்!

"அண்ணே, ஒரு வார்த்தை" என்றார்.

"என்னம்மா இங்க வந்து?"

"அவருக்கு ராத்திரியெல்லாம் ரத்தமா வருது. டாக்டர் பாடவே கூடாதுன்னுட்டாரு. கேக்க மாட்டேங்குறாரு. ஒரு தரம் பாடிட்டுப் படுத்துடறேங்குறாரு. உங்க ஆளுங்க ஒன்ஸ்மோர் கேட்டா எந்திரிச்சுடுவாரு அண்ணே, மாட்டேன்னு சொல்லத் தெரியாது அவருக்கு. இன்னிக்கு ஒரு நாளைக்கு வேணாம்னு சொல்லுங்க."

"சரி, சரி."

"அவரேதான் என்னையப் போயிக் கேக்கச் சொன்னாரு, நானா வந்து கேட்டதா இருக்கட்டும்னாரு. அவரா கேட்டா கௌரவக் கொறச்சலாம்."

"சரிம்மா, நீங்க போங்க. நான் பாத்துக்கிறேன்."

அவர் கைகூப்பிவிட்டு வெயிலில் நடந்து போனார். நான் திரும்பி, பெண் வீட்டாரைப் பார்த்து, வழி கேட்ட யாரோ என்பதுபோலச் சிரித்தேன்.

தகரக் கூரைக்குக் கீழே அந்த மத்தியானம் அடுப்புக்குள் உட்கார்ந்ததுபோல் இருந்தது. அந்த அம்மாளின் பாட்டு முதலில் வந்தது. எதிர்க் கட்சி விடவில்லை. திரும்பத் திரும்பப் பாட வைத்தார்கள். அவர் ஒவ்வொரு முறையும் பக்கத்திரையைப் பார்த்துக்கொண்டே பாடினார். எதற்காகப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

கடைசிக் காட்சி. அரசன் விழுந்தான். பாடினார். நாலு கட்டைதான், ஆனால் அப்படி அவர் பாடி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. குரலை மிச்சம் வைக்காமல் பாடினார். செத்தார். கொட்டகை அமைதியாக இருந்தது. என் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். தொப்பி என் மடியில் இருந்தது. நான் அசையவில்லை. இதை எழுதும்போதும், அங்கேயே அந்த ஞாயிறு முடிந்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

பின்னாலிருந்து ஒரு ரயில்வேக் குரல் வந்தது. "என்ன கிராணியாரே, தோட்டத்துப் பசங்க வாயில ரப்பர் பாலு ஒறஞ்சு போச்சா?"

இன்னொருவன், "ஒறையல மச்சான், ராஜபார்ட்டுகிட்ட சரக்கே இல்ல. கேட்டா எந்திரிக்கணுமே!" என்றான். நாற்காலி வரிசை முழுவதும் சிரித்தது.

நான் தொப்பியைத் தூக்கினேன்.

அவர் எழுந்தார். முதலில் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ராஜபார்ட் விரலால் தட்டிக் காட்டியதும் வாசித்தார். பாடி முடித்தார். அதோடு நான் விட்டிருக்கலாம். மறுபடியும் தூக்கினேன். இந்த முறை மேலே போக வேண்டிய இடத்தில் வாய் மட்டும் திறந்திருந்தது. துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். துண்டு சிவந்ததை ஜனங்கள் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அந்த அம்மாள் சொன்னதை நான் நம்பவில்லை, எதிர்க் கட்சியின் தந்திரம் என்று நினைத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நம்பினேன். நம்பியும் தூக்கினேன்.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலைச் சுற்றி எங்கள் கட்சி ஆட்கள் நின்றார்கள். அந்த அம்மாள் கஞ்சி எடுத்துவரப் போயிருந்தார். என்னைக் கிட்டே வரச் சொல்லி, காற்று மாதிரியான குரலில் கேட்டார். "தம்பி, அவ அன்னிக்கு உங்ககிட்ட வந்தாளா?"

வந்தார் என்று சொன்னால், அடுத்து, பிறகு ஏன் கத்த வைத்தாய் என்ற கேள்வி வரும். சுற்றிலும் என் ஆட்கள் இருந்தார்கள்.

"எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லண்ணே" என்றேன்.

அவர் சரி என்பதுபோல் கண்ணை மூடினார். சில வாரங்களில் போய்விட்டார். எல்லாத் தோட்டத்திலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். இரண்டு கட்சியும் பாடையைத் தூக்கச் சண்டை போட்டது.

சமாதிக்குக் கல் வைத்தது எங்கள் கட்சி. வாசகம் எழுதப் படித்தவன் நான். அவர் பெயருக்குக் கீழே, "ஒன்ஸ்மோர் என்றால் சாவிலும் எழுந்தவர்" என்று எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் ஆகா என்றார்கள். அதன் பிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஈப்போவுக்கு எந்த நாடகக் கம்பெனி வந்தாலும், முதல் ஆட்டத்துக்கு முன் அதன் நடிகர்கள் சமாதிக்கு வந்து மாலை போட்டு, அவருடைய சாவுப் பாட்டைப் பாடுவார்கள். ஜனங்கள் ஒன்ஸ்மோர் என்று கத்துவார்கள். மறுபடி பாடுவார்கள். அந்தக் குரலைத் தொடங்கிவைக்கும் மரியாதை எனக்கு. "கடைசி ஒன்ஸ்மோர் கேட்ட புண்ணியவான்" என்று அறிமுகப்படுத்தி மாலை போடுவார்கள். நான் தொப்பியைத் தூக்குவேன். வருஷத்துக்கு ஒரு முறையாவது இது நடந்தது. எனக்குக் கல்யாணம் ஆனது, சம்பளம் உயர்ந்தது. மாலையை வீட்டுக்கு எடுத்துவந்து ஆணியில் மாட்டினேன்.

அந்த அம்மாள் ஊர் திரும்பவில்லை. மேடை ஏறவுமில்லை. ஈப்போ ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டு, கல்யாணம் ஆகாத ஆட்களுக்குச் சமைத்துப் போட்டார். சமாதிக்கு வந்ததில்லை. ஒரு முறை பெரிய கம்பெனி ஒன்று வந்தபோது, அவரையும் மேடையில் உட்காரவைக்க வேண்டும் என்று ஆட்கள் பிரியப்பட்டார்கள். பேசத் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள். போகாமல் இருக்க எவ்வளவோ காரணம் சொன்னேன். கடைசியில் போனேன்.

முற்றத்தில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கல்லு வச்சதிலேருந்து நான் அங்க போகலண்ணே. என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தர படிக்கச் சொல்லிக் கேட்டேன். நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா."

"அந்தச் சொல்லு இருக்கிற வரைக்கும் என் காலு அங்க வராது."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"அவரு செத்ததுக்கு நீங்க காரணம்னு நான் சொல்ல மாட்டேன். நோவு முன்னமே வந்துடுச்சு. ஆனா நான் போயிச் சொல்லலேன்னு நெனச்சுக்கிட்டே போனாரு. போனேன்னு சொன்னேன். அந்தத் தம்பி இல்லேங்குறாரேன்னாரு. செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. எம்மேல ஊரெல்லாம் நீங்க பேசினது அவரு காதுலயும் விழுந்துதானே இருக்கும்?"

"நான் இப்ப என்ன செய்யணும்மா?"

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவருகிட்ட போயிச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அந்தக் கோயில் வாசல்ல நின்னது அவங்கதானா?" என்று மட்டும் கேட்டாள்.

விழா நாளில் இடுகாடு நிரம்பியிருந்தது. பாட்டு முடிந்தது. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கல்லைப் பார்த்துப் பேசினேன். "அண்ணே, அண்ணி அன்னிக்குக் காலையில கோயில் வாசலுக்கு வந்து எங்கிட்டக் கேட்டுக்கிட்டாங்க. நான் சரின்னு சொன்னேன். சொல்லிட்டுத்தான் தொப்பியத் தூக்கினேன். ஆஸ்பத்திரியில நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன். அவங்க வந்தாங்க அண்ணே." இவ்வளவுதான் சொன்னேன்.

கூட்டத்தில் பல பேர் அழுதார்கள். நல்ல பேச்சு என்று நினைத்து அழுதார்கள். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "ஒன்ஸ்மோர்!"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இது நாடகமில்லை, நடந்தது என்றேன். அப்போதுதான் புரிந்தது அவர்களுக்கு. முணுமுணுப்பு எழுந்தது. கல்லிலிருந்து அந்த வரியை எடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். எங்கள் கட்சியில் மூத்தவர், தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர், எழுந்து என் முன்னால் வந்தார். "எத்தன நாளாச்சு அய்யா நீங்க பொம்பள கட்சிக்குப் போயி?" என்றார். எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன் என்று ஒருவர்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கட்சி மாறிவிட்டேன் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். ரயில்வேக்காரர்கள் அன்று மாலையே காப்பிக் கடையில் எனக்கு மேசையில் இடம் ஒதுக்கினார்கள். அதுதான் அவமானத்திலும் அவமானம்.

கல்லைத் தொட விடமாட்டோம் என்றார்கள். கேட்டுப் பார்த்தேன், கெஞ்சினேன். பிறகு ஒரு நாள் நடுப்பகலில் உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கல் வேலை எனக்குத் தெரியாது. எழுத்தைச் செதுக்கப் போய் ஓரத்தையும் உடைத்தேன், என் கட்டைவிரலையும் நசுக்கிக்கொண்டேன். பாதி வரி போவதற்குள் சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். என் தோட்டத்து ஆட்களும் இருந்தார்கள். அவர்களில் ஒரு பால்மரம் வெட்டுபவன் என் கன்னத்தில் அறைந்தான். அறைந்துவிட்டு, யாரை அறைந்தோம் என்று உணர்ந்து நடுங்கிப்போனான். அவனை விட்டுவிட்டு நான் மறுபடியும் செதுக்கத் தொடங்கினேன். என்ன தோன்றியதோ, யாரும் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்கள். முடிக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது.

மறுநாள் துரை என் வீங்கிய முகத்தைப் பார்த்து, யார் அடித்தது என்றார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. தன் ஆட்களிடம் மரியாதையை இழந்த கிராணி வேண்டாம் என்று வருஷக் கடைசியில் என்னைச் சுங்காய்ப் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நாடகக் கம்பெனிகள் சமாதிக்கு வருவதும் சீக்கிரமே நின்றுபோனது. ரப்பர் விலை விழுந்தது, கம்பெனிகளே வரவில்லை.

சுங்காய்க்குப் போகுமுன் ஒரு நாள் இடுகாட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் அங்கே இருந்தார். ஒரு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கல்லைக் கழுவி, நான் உடைத்துப் போட்டிருந்த சில்லுகளைப் பொறுக்கி ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தார். நான் சற்றுத் தள்ளி நின்றேன். என்னைப் பார்த்தார். வேலையை முடித்து, கல்லுக்கு அருகில் உட்கார்ந்து, நெடுநேரம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். எனக்குக் கேட்கவில்லை. கேட்கும் தூரத்துக்குப் போகவும் இல்லை. பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"நான் வெள்ளிக்கிழமை வருவேன் அண்ணே. அன்னிக்கு நீங்க வராதீங்க."

சரி என்றேன்.

பின்னாளில் அவர் பாரிட் புந்தாரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய், அங்கேயே காலமானார். வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டில் அடக்கம் செய்திருக்கிறார்கள். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். கல் இல்லை. வாசகம் ஒன்று எழுதித் தரச் சொல்லி உறவினர் கேட்டார்கள். பெயரை மட்டும் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஈப்போவுக்கு மாதம் ஒரு முறை போகிறேன். வெள்ளிக்கிழமைகளில் போவதில்லை.